முதல் ரவுண்டில் பெரிய ரேட்டிங்காரர்

அன்பு மருமகளுக்கு,

நாளை செஸ் போட்டியின் முதல் ரவுண்டில் 2000 ரேட்டிங் உள்ளவரோடு உனக்கு ஆட்டம் என்று உன் அம்மா சொன்னாள். உன் துரதிர்ஷ்டம் என்று நினைக்காதே. ஸ்விஸ் முறையில் எல்லாரையும் ரேட்டிங் வரிசையில் நிறுத்தி, மேல்பாதியைக் கீழ்பாதியோடு மோத விடுவார்கள். நூறு பேர் வந்தால் முதல் ஆளுக்கு எதிரே 51-வது ஆள்.

உன் ரேட்டிங் 1600. 400 புள்ளி இடைவெளி என்றால், பத்து ஆட்டத்தில் ஒன்பது புள்ளிக்கு மேல் அவர் எடுப்பார் என்பது கணக்கு. அதே கணக்கை உன் பக்கமிருந்து பார். உன் வயதினருக்கு, தோற்றால் ரேட்டிங்கில் 3.2 புள்ளிதான் போகும். டிரா செய்தால் 16.8 வரும்; ஜெயித்தால் 36.8.

என் கவலை வேறு. பெரிய ஆட்டக்காரர் எதிரே உட்கார்ந்தால் நீ காய்களை மளமளவென்று வெட்டிக்கொள்கிறாய். பலகை காலியானால் டிரா ஆகிவிடும் என்ற நம்பிக்கை. ராணிகள் போன பிறகுதான் அனுபவம் பேசும், கண்ணு. எந்தச் சிப்பாயை எப்போது தள்ளுவது, ராஜாவை எந்தக் கட்டத்துக்குக் கொண்டுபோவது என்பதெல்லாம் அவர் பல வருடம் ஆடிப் பழகியவை. காய்கள் நிறைந்து சிக்கலாக இருக்கும்போது அவரும் உன்னைப் போலவே ஒவ்வொரு நகர்த்தலுக்கும் யோசித்தாக வேண்டும். அவர் கடிகாரமும் ஓடும்.

2004-ல் ரெய்க்யவிக்கில் நடந்த ரேபிட் போட்டியைத் தேடிப் பார். கார்ல்சனுக்கு அப்போது 13 வயது. எதிரே உலகின் முதல்நிலை ஆட்டக்காரர் காஸ்பரோவ். வெள்ளைக்காய் ஆடிய பையன் பதுங்கவே இல்லை. காஸ்பரோவ் யோசிக்கும் நேரத்தில் எழுந்துபோய்ப் பக்கத்துப் பலகையைப் பார்த்தான்! கடைசியில் போராடி டிரா செய்தவர் காஸ்பரோவ். அடுத்த ஆட்டத்தில் அவரே ஜெயித்தார்; அதையும் விடாமல் பார்.

ஒரு காய் போனதும் கைகொடுத்துவிடாதே. அவர் ஜெயிப்பதாக இருந்தால் ஜெயித்துக் காட்டட்டும். முடிந்ததும், எங்கே சறுக்கினேன் என்று அவரிடமே கேள். பெரும்பாலானவர்கள் பிரியமாகவே உட்கார்ந்து காய் வைத்துக் காட்டுவார்கள். எது நல்ல நகர்த்தல் என்று செஸ் இன்ஜின் சொல்லும்; அந்த நேரத்தில் அவர் மனதில் என்ன ஓடியது என்பதை அவரால்தான் சொல்ல முடியும். அதையெல்லாம் ஸ்கோர் ஷீட்டின் பின்பக்கம் எழுதி, இரவே எனக்குப் படமெடுத்து அனுப்பு.

உன் மாமா