ஒரே புரோகிராம், பல போர்டு: பயனுள்ள குறிப்புகள்

பௌர்ணமி என்றால் திருவண்ணாமலையில் வீடு நிறைய விருந்தாளிகள். 14 கிலோமீட்டர் கிரிவலம் முடித்து வந்து ஒவ்வொருவராகக் குளிக்க, மாடி டேங்க் சீக்கிரமே காலியாகிவிடும். மிதவை சுவிட்சையும் காலிங்பெல்லையும் சின்ன போர்டில் இணைத்து, தாங்களே எச்சரிக்கை மணி செய்துகொள்பவர்களுக்காக இந்தக் குறிப்புகள். சுவிட்ச் மாறியதும் போர்டைத் தட்டி எழுப்பும் சைகைதான் ‘இண்டரப்ட்’.

1. ‘தண்ணீர் குறைந்தால் மணி அடி’ என்பது எந்த போர்டுக்கும் பொது. அதை ஒரு கோப்பிலும், பின் எண் போன்ற போர்டு விவரங்களை வேறு கோப்பிலும் எழுதுங்கள். புது போர்டு வாங்கினால் அதற்கென்று ஒரு கோப்பு சேர்த்தால் போதும்.

2. ஆர்டுயினோ உனோவில் இண்டரப்ட்டைப் பின்னோடு இணைக்கும் ‘அட்டாச்இண்டரப்ட்’ 2, 3 எண் பின்களில் மட்டுமே வேலை செய்யும். ராஸ்பெர்ரி பை பைக்கோவில் எந்த ஜிபிஐஓ பின்னும் சரி. அதனால் பொதுக் கோப்பில் எண் வேண்டாம். ‘டேங்க் பின்’ என்று பெயர் வையுங்கள்.

3. உனோவிலிருந்து ஈஎஸ்பி32-க்கு மாறியபோது மிதவை சுவிட்சை 34-ஆம் பின்னில் மாட்டினேன். டேங்க் நிறைந்திருந்தும் மணி அடித்துக்கொண்டே இருந்தது. சுவிட்ச் திறந்திருக்கும்போது பின்னை உயர் நிலையில் நிறுத்தும் உள் ரெசிஸ்டர் (புல்-அப்) 34 முதல் 39 வரையுள்ள பின்களில் கிடையாது. பின்னிலிருந்து 3.3 வோல்ட்டுக்கு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டதும் அடங்கியது.

4. ஈஎஸ்பி32-இல் இண்டரப்ட் ஃபங்ஷனுக்கு ‘ஐரேம்’ அடையாளம் தர வேண்டும். அதே வரி உனோவில் கம்பைல் ஆகாது. நீங்களே ஒரு பெயர் வைத்து, ஈஎஸ்பி32 கோப்பில் அந்த அடையாளத்தையும் உனோ கோப்பில் வெறுமையையும் கொடுங்கள்.

5. இண்டரப்ட் ஃபங்ஷனுக்குள், சைகை வந்ததைக் குறிக்கும் ‘கொடி’ மாறியை மட்டும் ஏற்றுங்கள். மணி அடிப்பதை லூப் பார்த்துக்கொள்ளட்டும். கொடி மாறியை ‘வாலட்டைல்’ என்று அறிவிக்க மறக்காதீர்கள். சுவிட்ச் துள்ளும், 50 மில்லிசெகண்ட் விட்டு மறுபடி பார்த்து உறுதி செய்யுங்கள்.

6. சென்னை ஐஐடியின் ‘சக்தி’ ப்ராசஸரில் பல சாதனங்களின் இண்டரப்ட்டுகளை வரிசைப்படுத்துவது ‘பிளிக்’ என்னும் பகுதி. அங்கே சைகை வரவில்லையென்றால் முன்னுரிமை எண்ணைப் பாருங்கள். 0 என்றால் அந்த இண்டரப்ட் வரவே வராது. லினக்ஸில் சைஃபைவ், டி-ஹெட் ஆகிய இரண்டு சிப் நிறுவனங்களின் பிளிக்குக்கும் டிரைவர் ஒன்றுதான். வேறுபடும் இடம் மட்டும் தனியாகக் கையாளப்படுகிறது. முதல் குறிப்பில் சொன்னதும் இதே வழிதான்.

7. பழைய போர்டைத் தூக்கிப் போடாதீர்கள். பொதுக் கோப்பில் ஒரு வரி மாற்றினாலும் இரண்டு போர்டிலும் ஏற்றி, மிதவையைக் கையால் தாழ்த்திப் பாருங்கள். பௌர்ணமிக்கு முந்தின நாளே இதை முடித்துவிட்டால், மறுநாள் வருபவர்களுக்குத் தண்ணீர் இருக்கும்.