சீனி இல்லாத சலரோகம்

கிராமம் ஒன்றில் நாம் சந்தித்த தாய் ஒருவர், தமது எட்டு வயது மகனைப் பற்றிக் கவலையோடு கூறினார். சிறுவன் இரவில் நான்கைந்து தடவை எழுந்து தண்ணீர் குடிப்பான். பாயையும் நனைத்து விடுவான். சலரோகமோ என்று இரத்தத்தில் சீனியைச் சோதித்தார்கள். அளவு சரியாகவே இருந்தது. "வருத்தம் ஒன்றுமில்லை, பழக்கந்தான்" என்று முடிவு செய்த வீட்டார், பொழுதுபட்ட பின் தண்ணீர்க் குடத்தை ஒளித்து வைத்தார்கள். சிறுவனோ இருட்டில் கிணற்றடிக்குப் போய் வாளியில் மிஞ்சிய தண்ணீரைக் குடித்தான். பெரியாஸ்பத்திரிக்குச் சென்ற பின்னரே உண்மை தெரிந்தது. அது பழக்கமல்ல, நோய்.

பெயர்

இந்நோயை டயபிற்றிஸ் இன்சிபிடஸ் என்பர். 'இன்சிபிடஸ்' என்றால் சுவையற்றது. நாம் வழமையாகச் சலரோகம் என்பதில் சிறுநீரில் சீனி இருக்கும், இதில் இராது. இரண்டையும் ஒன்றெனக் கருதுவதால் நோயாளருக்கு ஆபத்து நேர்கின்றது. எனவே 2022ஆம் ஆண்டில் வைத்திய நிபுணர்கள் 'வாசோபிறெசின் குறைபாடு', 'வாசோபிறெசின் எதிர்ப்பு' என்ற புதுப் பெயர்களை முன்மொழிந்தனர்.

காரணங்கள்

வாசோபிறெசின் என்பது மூளையில் உருவாகிக் கபச்சுரப்பியிலிருந்து வெளிவரும் ஓமோன். உடலில் நீர் குறையும்போது, குளத்துத் துருசை மூடுவதுபோல, சிறுநீரகத்தால் நீர் வீணே வெளியேறாமல் அது காக்கின்றது.

துருசை மூடும் ஆள் வராவிட்டால் நீர் ஓடிவிடும். தலைக் காயம், மூளைச் சத்திரசிகிச்சை, கபச்சுரப்பியை அண்டிய கட்டி, மூளைக் காய்ச்சல் ஆகியவற்றால் ஓமோன் குறைவது இவ்வகை. சிலரில் காரணம் புலப்படுவதில்லை.

ஆள் வந்தும் துருசு இறுகிக் கிடக்கலாம். சிறுநீரகம் ஓமோனுக்கு இணங்காத நிலை இது. மனநோய்க்கு நெடுங்காலம் எடுக்கும் லித்தியம், இரத்தத்தில் கல்சியம் கூடுதல், பொற்றாசியம் குறைதல் ஆகியன காரணங்கள். பரம்பரையாக வருவது பெரும்பாலும் ஆண் குழந்தைகளைப் பாதிக்கும். லித்தியம் எடுப்போர் தாமாக அதனை நிறுத்தலாகாது. வைத்தியரிடம் சொல்ல வேண்டும்.

அரிதாகக் கர்ப்பிணிகளுக்கும் இது ஏற்பட்டு, பேறுக்குப் பின் மாறிவிடும்.

கண்டறிதல்

வெயிலில் வேலை செய்யும் கமக்காரரும் நிறையத் தண்ணீர் குடிப்பார். ஆனால் அவரது சிறுநீர் குறைவாகவும் மஞ்சளாகவும் இருக்கும். இந்நோயாளிக்கோ தாகத்தால் நா வறண்டிருக்கும்போதும் சிறுநீர் தண்ணீர்போல் தெளிவாகப் போகும். வளர்ந்தவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 3 லீற்றருக்கு மேல் போனால் கவனிக்க வேண்டும்.

வீட்டில் செய்யக்கூடியது ஒன்றுண்டு. 24 மணி நேரத்தில் குடித்த நீரையும் கழித்த சிறுநீரையும் போத்தலால் அளந்து எழுதி, வைத்தியரிடம் காட்டுங்கள். அவர் சீனி, சோடியம், கல்சியம், பொற்றாசியம் ஆகியவற்றையும் சிறுநீரின் செறிவையும் சோதிப்பார். தேவையெனில் ஆஸ்பத்திரியில் சில மணி நேரம் நீர் கொடாது, நிறையையும் இரத்தத்தையும் அடிக்கடி பார்த்து, பின் டெஸ்மோபிறெசின் மருந்து கொடுப்பர். சிறுநீர் செறிந்தால் குறை ஓமோனில், செறியாவிடின் சிறுநீரகத்தில். தேவைக்கு மிஞ்சி நீர் குடிக்கும் பழக்கத்தையும் இச்சோதனையால் பிரித்தறியலாம். மூளையைப் படம் பிடிக்கவும் நேரலாம்.

இச்சோதனையை வீட்டில் ஒருபோதும் செய்து பார்க்காதீர்கள். நீரின்றி இரத்தத்தில் சோடியம் ஏறி, வலிப்பும் மரணமும் நேரலாம்.

ஓமோன் குறைந்தோருக்கு டெஸ்மோபிறெசின் நல்ல பலன் தரும். ஆயினும் அதை எடுத்துக்கொண்டு அளவுமீறிக் குடித்தால் சோடியம் ஆபத்தாக இறங்கும். மற்ற வகையினர் உப்பைக் குறைத்து, வைத்தியர் தரும் வேறு மருந்துகளை எடுக்க வேண்டும். நோயாளி வாந்தியாலோ மயக்கத்தாலோ குடிக்க முடியாதிருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசென்று, நோயின் பெயரையும் மருந்தையும் சொல்லுங்கள்.

தாகமாயிருப்போருக்குத் தண்ணீர் கொடுப்பது இரக்கச் செயல் என்று மறைக்கல்வியில் கற்றோம். அத்தாகத்தின் காரணத்தைத் தேடுவதும் அவ்விரக்கத்தின் ஒரு பகுதியே.

குழுவில் சிந்திக்க

1. பாயை நனைக்கும் பிள்ளையை எமது வீடுகளில் எவ்வாறு நடத்துகிறோம்?

2. சீனி இல்லை என்று தெரிந்தபின்னும் தாகம் தீராதவர் எமது ஊரில் உண்டா? அவருக்கு நாம் எவ்வாறு துணை செய்யலாம்?