கணினியில் இடம் நிறைந்துவிட்டதா? அழிக்கும் முன் பாருங்கள்



உதவித்தொகை விண்ணப்பம் போடும் மாதங்களில் டிரஸ்ட் அலுவலகத்துக்குப் பிள்ளைகள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வருவது வழக்கம். சென்ற ஆண்டு கல்லூரியில் படிக்கும் ஒரு மகள் வந்தாள். வருமானச் சான்றிதழை ஸ்கேன் செய்து சேமிக்கப் போனால் இடம் இல்லை என்று கணினி சொல்கிறது என்றாள். திரையில் சி டிரைவ் சிவப்புக் கோடாக நின்றது. எங்களுக்கு அன்று வேலை நெருக்கடி. "கடையில கொடுத்து ஃபார்மட் பண்ணச் சொல்லும்மா, புதுசு மாதிரி ஆயிரும்" என்று சொல்லி அனுப்பினோம். அப்படியே செய்தாள். லேப்டாப் புதிது மாதிரியே ஆனது.

மூன்று நாள் கழித்துத் தாயும் மகளும் வந்து நின்றார்கள். "பெரியத்தா, அத்தா பேசினதெல்லாம் அதுலதான் இருந்துச்சு" என்றாள் அந்த மகள். அவளுடைய அத்தா சவூதியில் வேலை பார்த்தவர், அங்கேயே மௌத்தானவர். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிவூன். அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் பதிவுகளைப் பழைய போன் கெட்டுப்போவதற்கு முன் லேப்டாப்பில் போட்டு வைத்திருந்திருக்கிறாள். சான்றிதழ்களை இ-சேவை மூலம் மறுபடியும் எடுத்துவிட்டோம். குரலை எங்கே போய் எடுப்பது?

கடைக்காரரைக் குறை சொல்ல எங்களுக்கு வாய் இல்லை. ஃபார்மட் செய்யச் சொன்னது நாங்கள். அதிலும் மனதை உறுத்துவது இதுதான்: வாட்ஸ்அப்பில் ஒரு நிமிடக் குரல் பதிவு ஒரு எம்பி கூட வராது. முந்நூறு பதிவு இருந்தாலும் ஒரு சினிமாப் படத்தின் இடத்தைக்கூட அடைக்காது. ஆக, அந்த லேப்டாப்பை நிறைத்தது அந்த அத்தாவின் குரல் அல்ல. வேறு ஏதோ குப்பை. அதைப் பார்க்காமலே எல்லாவற்றையும் அழிக்கச் சொல்லிவிட்டோம். அதன் பிறகு உட்கார்ந்து கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறோம். திரையில் ஆங்கிலத்தில் இருக்கும் பெயர்களைத் தமிழ் எழுத்தில் அப்படியே தருகிறோம்; பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

நம்மூரில் பல வீடுகளில் இருப்பது அரசு கொடுத்த லேப்டாப். 2011-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி மாணவர்களுக்கு எல்காட் நிறுவனம் வாங்கிக் கொடுத்தவை. அக்கா படித்து முடித்து, தம்பி படித்து, இப்போது மச்சான் கடைக் கணக்குக்கு என்று ஒரே பெட்டி மூன்று கை மாறியிருக்கும். அத்தனை பேருடைய சாமானும் உள்ளே கிடக்கும். கண்மாய் நிறைந்து கிடக்கிறது என்று கரையில் நின்று சொல்லிவிடலாம். உள்ளே பாதி வண்டலா என்பது இறங்கிப் பார்த்தால்தான் தெரியும்.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடுவோம். 500 ஜிபி என்று அட்டையில் போட்டிருக்கிறது, உள்ளே 465-தான் காட்டுகிறது, மீதியைக் கடையில் எடுத்துவிட்டார்களோ என்று சிலர் கேட்கிறார்கள். யாரும் எடுக்கவில்லை. டிஸ்க் செய்யும் நிறுவனம் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறது. விண்டோஸ் 1024, 1024 ஆக எண்ணுகிறது. அளவு ஒன்றுதான், படி வேறு.

இனி, இடம் இல்லை என்று செய்தி வந்தால் 'திஸ் பிசி'யைத் திறந்து பாருங்கள். பெரும்பாலும் சி சிவப்பாக இருக்கும், டி நீலமாகக் காலியாக இருக்கும். டிஸ்க் ஒன்றுதான், அதைத் தடுப்பு வைத்து இரண்டு அறையாகப் பிரித்திருக்கிறார்கள். விண்டோஸ் குடியிருப்பது சி அறையில். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ் எல்லாம் நாம் மாற்றாதவரை சி-யில்தான் இருக்கும். திரையின் முகப்பில் தெரிகிறதே, அது தனி இடம் என்று பலர் நினைத்து, கல்யாண வீடியோவை டெஸ்க்டாப்பிலேயே போட்டு வைக்கிறார்கள். அதுவும் சி-யின் தலையில்தான் ஏறுகிறது.

எது எவ்வளவு அடைத்திருக்கிறது என்பதை விண்டோஸே கணக்குப் போட்டுக் காட்டும். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் 'செட்டிங்ஸ்', அதில் 'சிஸ்டம்', அதில் 'ஸ்டோரேஜ்'. ஒரு நிமிடம் பொறுத்தால் ஒவ்வொரு வகையும் எத்தனை ஜிபி என்று வரிசையாக வரும். பழைய விண்டோஸ் 7-இல் இந்தப் பக்கம் கிடையாது. சி டிரைவின் மேல் வலது கிளிக் செய்து 'ப்ராபர்ட்டீஸ்' போனால் 'டிஸ்க் கிளீனப்' இருக்கும். இன்னும் விவரமாகப் பார்க்க வேண்டுமானால் 'வின்டிர்ஸ்டாட்' என்ற இலவச மென்பொருள் உண்டு. டிஸ்க் முழுவதையும் நிறம் நிறமாகக் கட்டம் போட்டுக் காட்டும். பெரிய கட்டம் எதுவோ அதுதான் பெரிய கோப்பு. நாங்கள் அலுவலகக் கணினியில் போட்டுப் பார்த்தபோது, யாரோ எப்போதோ இறக்கிய ஒரு கிரிக்கெட் ஆட்டத்தின் வீடியோ அரை மைதானத்தைப் பிடித்து நின்றது. யார் இறக்கியது என்று விசாரிக்கவில்லை.

ஸ்டோரேஜ் பக்கத்தில் 'டெம்பரரி ஃபைல்ஸ்' என்று ஒரு வகை வரும். பெரும்பாலும் குப்பை இங்கேதான். விண்டோஸ் புதுப்பிப்பு முடிந்தும் மிச்சம் கிடக்கும் கோப்புகள், இணையப் பக்கங்களின் தற்காலிகப் பிரதிகள், அரைகுறையாக நின்றுபோன வேலைகளின் எச்சம். இவற்றைத் தைரியமாக அழிக்கலாம். விண்டோஸின் பெரிய பதிப்பு மாறியிருந்தால் பழைய விண்டோஸ் முழுவதுமே 'ப்ரீவியஸ் விண்டோஸ் இன்ஸ்டலேஷன்' என்ற பெயரில் பல ஜிபி அடைத்துக்கொண்டிருக்கும். பழையதற்குத் திரும்ப வேண்டிய தேவை இல்லை, கோப்புகள் எல்லாம் சரியாக இருக்கின்றன என்று உறுதியானால் அதையும் எடுத்துவிடலாம். பொதுவாகப் பத்து நாளில் விண்டோஸ் தானாகவே அதை எடுத்துவிடும்.

அந்தப் பட்டியலில் இரண்டு இடத்தில் மட்டும் கை நிற்க வேண்டும். ஒன்று 'ரீசைக்கிள் பின்'. அழித்த கோப்பு அங்கேதான் போய்க் கிடக்கிறது. அதைக் காலி செய்யாதவரை இடமும் கிடைக்காது. காலி செய்யும் முன் ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அதற்குள் என்னென்னவோ இருக்கும். இன்னொன்று 'டவுன்லோட்ஸ்'. தற்காலிகக் கோப்புகளின் பட்டியலிலேயே இதுவும் வருவதால் குப்பை என்று நினைத்து டிக் போட்டுவிடுகிறார்கள். இ-சேவையில் இறக்கிய சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், ஹால் டிக்கெட், ஆதார் பிரதி எல்லாம் வந்து விழுவது அந்த ஃபோல்டரில்தான். அதில் டிக் போடாதீர்கள். தனியாகத் திறந்து, வேண்டியதை வேறிடம் மாற்றிய பிறகு மற்றதைப் பாருங்கள்.

'விண்டோஸ்', 'ப்ரோகிராம் ஃபைல்ஸ்' என்ற ஃபோல்டர்கள் பெரியதாகத் தெரிகின்றனவே என்று உள்ளே போய்க் கையால் அழிக்க வேண்டாம். வேண்டாத மென்பொருள் இருந்தால் 'செட்டிங்ஸ்' வழியாக 'ஆப்ஸ்' போய் 'அன்இன்ஸ்டால்' செய்வதுதான் முறை.

குப்பை போனபிறகும் சிவப்பு மாறவில்லையென்றால் காரணம் பெரும்பாலும் வீடியோ. போனில் இடம் இல்லாதபோதெல்லாம் லேப்டாப்பில் கொட்டுகிறோம். ரமலானில் ஒருமுறை, ஹஜ்ஜுப் பெருநாளில் ஒருமுறை, அடுத்த கல்யாணத்தில் ஒருமுறை. ஒவ்வொரு முறையும் பழையதும் சேர்ந்தே வருகிறது. ஒரே நிக்காஹ் வீடியோ நான்கு ஃபோல்டரில் இருந்ததை நாங்கள் பார்த்திருக்கிறோம். ஃபோல்டரைத் திறந்து அளவு வாரியாக வரிசைப்படுத்தினால் பெரியவை மேலே வந்துவிடும். மேலே இருக்கும் இருபது கோப்பைப் பார்த்தாலே போதும். படங்களையும் குரல் பதிவுகளையும் ஒவ்வொன்றாக அழித்து நேரம் போக்க வேண்டாம். நூறை அழித்தாலும் ஒரு வீடியோவுக்கு ஈடாகாது.

டி காலியாக இருந்தால் இனி வருவதை அங்கே போக வைக்கலாம். முதலில் டி-யில் 'டாக்குமென்ட்ஸ்', 'வீடியோஸ்' என்று தனித்தனி ஃபோல்டர் உண்டாக்குங்கள். பிறகு பழைய ஃபோல்டரின் மேல் வலது கிளிக், 'ப்ராபர்ட்டீஸ்', 'லொகேஷன்', 'மூவ்'. தனி ஃபோல்டர் உண்டாக்காமல் டி-யையே காட்டிவிட்டால் எல்லாம் கலந்துபோய், பிரிப்பது பெரும்பாடாகிவிடும். சார்ஜரைப் போட்டுக்கொண்டு செய்யுங்கள். பென் டிரைவுக்கு மாற்றுவதாக இருந்தால் 'கட்' செய்யாமல் 'காப்பி' செய்து, போன இடத்தில் திறந்து ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு, அதன் பிறகு பழையதை அழிப்பது நல்லது.

அரசு லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தது. சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. கணினி தொடங்கும்போது இரண்டில் எது என்று கேட்குமே, அதுதான். லினக்ஸ் இருக்கும் பகுதி 'திஸ் பிசி'யில் தெரியாது. இடம் பற்றாமல் டிஸ்க் மேலாண்மைக்குள் போய், பெயரில்லாத பகுதி ஒன்று சும்மா கிடக்கிறது என்று அழித்தால், தொடங்கும் வழியே அதில் இருப்பதால் விண்டோஸும் திறக்காமல் போகலாம். விவரம் தெரிந்தவர் பக்கத்தில் இல்லாமல் அதைத் தொடாதீர்கள்.

டி-யில் வைத்துவிட்டோம், இனிப் பத்திரம் என்று இருந்துவிடவும் கூடாது. டிஸ்க் பழுதானால் இரண்டு அறையும் சேர்ந்தே போகும். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கவும் சாட்சி வைக்கவும் அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆம் வசனம் நமக்குக் கட்டளையிடுகிறது என்பதை எல்லாரும் அறிவோம். எழுதியது ஒன்று இருந்தும் சாட்சியும் வேண்டும் என்கிற அந்த ஒழுங்கை வீட்டுப் பத்திரங்களுக்கும் கடைப்பிடித்தால் என்ன என்று எங்களுக்குத் தோன்றுகிறது. ஒரு பிரதி கணினியில், இன்னொன்று வெளி ஹார்டு டிஸ்க்கிலோ பென் டிரைவிலோ, பீரோவுக்குள். சான்றிதழ்களும் குரல் பதிவுகளும் அளவில் சிறியவை என்பதால் கூகுள் டிரைவிலும் வைக்கலாம். ஒரு கணக்குக்கு 15 ஜிபி இலவசம்; ஜிமெயிலும் அதில்தான் சேரும், 2021 ஜூன் முதல் ஏற்றும் போட்டோக்களும் அதில்தான் சேரும். வீடியோவை ஏற்றி அதையும் நிறைத்துவிடாதீர்கள். ஒன்டிரைவோடு இணைத்திருப்பவர்கள், லேப்டாப்பில் அழித்தால் அங்கேயும் அழிந்துபோகும் என்பதை மனதில் வைக்க வேண்டும்.

கடைக்குக் கொடுத்தே தீரவேண்டும் என்றால், முதலில் வேண்டியதையெல்லாம் பிரதி எடுங்கள். வீட்டுப் பெண்களின் படங்கள் இருக்கும் லேப்டாப்பை அப்படியே கொடுத்துவிட்டு வருவது நமக்கு அழகல்ல. அவற்றை வெளி டிஸ்க்குக்கு மாற்றிவிட்டுக் கொடுங்கள். ஃபார்மட் செய்யாமல் முடியுமா என்று கேளுங்கள். செய்யத்தான் வேண்டும் என்றால் சி மட்டுமா, டி-யும் சேர்த்தா என்று கேட்டுத் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுங்கள்.

தவறி அழிந்துவிட்டால் அந்தக் கணினியில் அதன் பிறகு எதையும் சேமிக்காதீர்கள், புதிதாக எதையும் ஏற்றாதீர்கள். பழைய வகை ஹார்டு டிஸ்க்கில், அழித்த கோப்பின் மேல் வேறொன்று எழுதப்படும்வரை அதை மீட்க வழி இருக்கிறது. புதிய எஸ்எஸ்டி வகையில் அந்த வாய்ப்பு மிகக் குறைவு. அந்த மகளுடைய லேப்டாப்பில் பழைய டிஸ்க்தான் இருந்தது; ஆனால் புது விண்டோஸும் மூன்று நாள் வேலையும் மேலே ஏறிவிட்டிருந்தன. மீட்டெடுத்ததில் படங்கள் சில கிடைத்தன. குரல் ஒன்றும் கிடைக்கவில்லை. பிறகு அவளுடைய சாச்சியின் போனில், குடும்பக் குழுவில் அந்த அத்தா பேசிய பதிவுகள் நான்கு இருப்பது தெரிந்தது, அல்ஹம்துலில்லாஹ். ஒன்றில் பெருநாளைக்கு எல்லாருக்கும் துணி எடுத்தாச்சா என்று கேட்கிறார். அந்த நான்கும் இப்போது மூன்று இடத்தில் இருக்கின்றன. ஒன்று டிரஸ்ட் அலுவலக பீரோவில்.

இன்ஷா அல்லாஹ், வரும் வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆவுக்குப் பின் அஸர் வரை டிரஸ்ட் அலுவலகத்தில் இதற்காகவே உட்கார்ந்திருப்போம். கல்லூரியில் கணினி படிக்கும் நம் பிள்ளைகள் இருவர் உடன் இருப்பார்கள். பெண்கள் சனிக்கிழமை காலையில் வரலாம். கட்டணம் இல்லை. லேப்டாப், சார்ஜர், காலியான பென் டிரைவ் ஒன்று கொண்டுவாருங்கள். சார்ஜரைப் பாதிப் பேர் மறந்துவிடுகிறார்கள்.