உப்பின் வெண்மை எங்கே போனது?



தூத்துக்குடி உப்பளங்களில் நீங்கள் எடுத்த ரோலின் கான்டாக்ட் ஷீட் வந்து சேர்ந்தது. ஃபிலிம் கழுவியதில் குறையில்லை, தூசியும் இல்லை. எரிச்சலூட்டியது வேறொன்று. உச்சிவெயிலில் மின்னும் உப்புக் குவியலும், கிட்டங்கியின் இருட்டில் மூட்டை தைக்கும் பெண்ணும் ஒரே வெளிச்சத்தில் இருக்கிறார்கள். நெகட்டிவ்கள் இவ்வளவு சீராக அமைவது அரிது. ஸ்கேனர் மென்பொருள் ஒவ்வொரு படத்தையும் தனித்தனியே அளந்து, தன் விருப்பப்படி சரிசெய்திருக்கிறது.

கேமராவின் மீட்டருக்கு உப்பின் வெண்மை தெரியாது. எதைக் காட்டினாலும் அது நடுத்தரச் சாம்பல் என்றே எடுத்துக்கொள்ளும்; உப்பைக் காட்டினால் வெளிச்சத்தைக் குறைத்துவிடும். நெகட்டிவ் அடர்த்தி குறைந்து வரும். ஒழுங்கான ஷீட்டில் அந்தப் படங்கள் மங்கிக் கிடந்திருக்கும். அடுத்த முறை லென்ஸை ஒன்றரை, இரண்டு ஸ்டாப் கூடுதலாகத் திறக்க வேண்டும் என்று புரிந்திருக்கும். மென்பொருள் அந்தப் பாடத்தை அழித்துவிட்டது.

ஸ்டூடியோ டார்க்ரூமில் தொழில் பழகியவர்களுக்கு இந்தப் பாடம் தப்பாது. ஒரு ரோலின் கான்டாக்ட் ஷீட் என்றால் 36 படங்களை ஆறாறாக வெட்டிய ஆறு துண்டுகள், 8x10 காகிதம், மேலே கண்ணாடி. ஃபிலிமின் படமில்லாத ஓரம் காகிதத்தில் முழுக் கறுப்பாக எவ்வளவு குறைந்த நேரம் போதுமோ, அதுதான் அந்த ஷீட்டுக்கான நேரம். அந்த விநாடிக் கணக்கைச் சுவரில் பென்சிலால் எழுதி வைப்பார்கள். எந்த ரோல் வந்தாலும் அதே கணக்குத்தான். சிவப்பு விளக்கடியில் டெவலப்பர் தட்டிலிருந்து ஷீட் எழும்போது, எடுத்தவர் எங்கே தவறினார் என்பது சுற்றி நின்ற எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

ஃபிளாட்பெட் ஸ்கேனரிலும் இதைச் செய்யலாம். எப்சன் வி700, வி850 போன்றவற்றின் மூடி விளக்கு 8x10 அங்குலப் பரப்பை ஒரே தடவையில் காட்டும். ஹோல்டர் வேண்டாம்; ஃபிலிம் துண்டுகளை நேரே கண்ணாடியில் வைத்து, ஸ்கேனர் தன்னைச் சரிபார்க்கும் மேல்விளிம்பை மட்டும் மறைக்காமல் விட்டால் போதும். தானியங்கி எக்ஸ்போஷரை அணைத்து, 16 பிட் பாசிட்டிவாக ஸ்கேன் செய்து, பிறகு தலைகீழாக்க வேண்டும். படங்களுக்கு இடையிலுள்ள வெற்று ஃபிலிம் கறுப்பாகும் இடத்தில் அளவை நிறுத்தி, அதையே ஷீட் முழுவதற்கும் வைக்க வேண்டும். 300 பிபிஐயில் ஒரு படத்துக்குச் சுமார் 425x283 பிக்சல்தான் கிடைக்கும். ஃபோகஸ் பார்க்க அது பற்றாது. 1200 வைப்பது நல்லது.

இன்னொரு குறை இதைவிடப் பெரியது. ஷீட்டில் இருப்பது 25 படங்கள். மீதி 11 எங்கே? ஃபிலிம் ஓரத்து எண்களும் வெட்டப்பட்டிருக்கின்றன.

விட்ட படங்களுக்கும் மதிப்பு உண்டு. டயான் ஆர்பஸ் 1962இல் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் எடுத்த, பொம்மைக் கையெறிகுண்டு பிடித்த சிறுவனின் படம் உலகறிந்தது. அதன் கான்டாக்ட் ஷீட்டில் மற்ற படங்களில் அவன் சாதாரணப் பிள்ளையாகச் சிரித்துக்கொண்டு நிற்கிறான். ஆர்பஸ் எதைத் தேர்ந்தார் என்பது அந்தச் சாதாரணப் படங்களால்தான் விளங்குகிறது. ராபர்ட் ஃபிராங்க் அமெரிக்காவைச் சுற்றி எடுத்தவை ஏறத்தாழ 27,000. ‘தி அமெரிக்கன்ஸ்’ நூலில் சேர்ந்தவை 83. விட்டவற்றையும் அவர் காத்து வைத்தார். அவருடைய கான்டாக்ட் ஷீட்கள் இன்று வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கின்றன.

மூட்டை தைக்கும் பெண் நூலைப் பல்லால் அறுக்கும் அந்த ஒரு படம் அபாரம். கழுத்து நரம்பு, சாக்கின் நார், கதவிடுக்கில் கசியும் வெயில் எல்லாம் ஒரே கணத்தில் கூடி வந்திருக்கின்றன. உப்பளத்தை எடுத்தவர்கள் பலர். அங்கே வேலை செய்பவரை இவ்வளவு நெருங்கிப் பார்த்தவர்கள் மிகக் குறைவு. அதற்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள் ஷீட்டில் இல்லாததுதான் ஆதங்கம். அந்தக் கணத்துக்காகக் காத்திருந்தீர்களா, அது தானாக வாய்த்ததா என்று அவைதான் சொல்லும்.

அந்த ரோலை மறுபடி ஸ்கேன் செய்யுங்கள். 36 படங்களும் எடுத்த வரிசையில், ஓரத்து எண்களோடு, ஒரே எக்ஸ்போஷரில் இருக்கட்டும். உப்பு மங்கலாக வந்தால் அப்படியே அனுப்பிவையுங்கள்.