கூலிக்குப் பொருத சுவிற்சர்லாந்து வீரர்

மலை மலிந்த சுவிற்சர்லாந்தில் விளைநிலம் சிறிது. ஆதலின் அந்நாட்டு இளைஞர் பல நூற்றாண்டுகளாக அயலரசர்க்குப் போர்த்தொழில் புரிந்து பிழைத்தனர். அவர்தம் மாநில அரசுகளே உடன்படிக்கை செய்து படைகளை அனுப்பிப் பொருள் பெற்றன. 1792 ஓகஸ்ட் 10 இல், பாரிசில் பதினாறாம் லூயி மன்னனின் மாளிகையைக் காத்து நின்ற சுவிற்சர்லாந்து வீரருள் 600 பேரளவில் மாண்டனர்.

இலங்கைச் சரித்திரம் பயில்வோர் சிறப்பாக அறியவேண்டியது மெறோன் படையின் வரலாறாகும். நூசாத்தெல் நகரத்தவரான டி மெறோன் பிரபு, 1781 இல் ஒல்லாந்தக் கம்பனிக்காக இதனைத் திரட்டினார். பின்னர் இப்படை இலங்கைக் கோட்டைகளைக் காத்தது. 1795 இல் ஆங்கிலேயர், கிளெக்கோண் என்னும் பேராசிரியரை நூசாத்தெலுக்கு அனுப்பிப் பிரபுவுடன் ஒப்பந்தம் முடித்தனர். ஒல்லாந்தர் கொடாதிருந்த சம்பளப் பாக்கியையும் தாமே தருவதாக ஏற்றனர். இச்செய்தி பாற்கட்டியொன்றினுள் மறைத்துக் கொழும்புக்கு அனுப்பப்பட்டதென்பர். கதை சுவையானதே, எனினும் படையைப் பெயர்த்தது பாற்கட்டியன்று, பாக்கிப் பணமே என யாம் கருதுகின்றோம். படை நீங்கவே வலிகுன்றிய கொழும்பு, பெரும்போரின்றி 1796 பெப்ருவரியில் ஆங்கிலேயர் வசமாயிற்று.

இதனைத் துரோகமென்று கூறுவாருளர். பாரிசில் மாண்டாரும் கொழும்பை நீங்கினாரும் தம் தலைவர் எழுதிய ஒப்பந்தத்துக்கே கட்டுப்பட்டவரென்பதை அன்னார் மறந்தனர் போலும். படைஞனைக் கேட்டு ஒப்பந்தம் எழுதினார் எவருமிலர். மெறோன் படையினர் 1799 இல் சீரங்கபட்டணத்தில் திப்பு சுல்தானை எதிர்த்துப் பொருதனர். பின்னர்க் கனடாவுக்கு அனுப்பப்பட்டு, 1816 இல் அங்கே கலைக்கப்பட்டனர்.