ஓதம் ஏறிய சுவரும் ஓர் அறிவியல் பாடமும்

எங்கள் பள்ளியின் இரண்டாம் வகுப்பறையில் தரையை ஒட்டி மூன்றடி உயரத்துக்குக் கீழ்மட்டக் கரும்பலகை உண்டு. செயல்வழிக் கற்றல் வந்தபோது, குழந்தைகள் உட்கார்ந்தபடியே எழுதுவதற்காகச் சுவரிலேயே தீட்டியது. ஒவ்வொரு மழைக்காலமும் முடியும்போது முதலில் கெடுவது அதுதான். வண்ணம் கொப்பளிக்கும், காரை பொடியாக உதிரும், வெள்ளையாக உப்புப் பூக்கும். சுவரோரம் உட்காரும் குழந்தையின் பையெல்லாம் தூள்.

இரண்டு முறை நான் ஒரே தவற்றைச் செய்தேன். பள்ளி மானியத்தில் மீந்த தொகையைக் கொண்டு அந்த இடத்தில் சிமென்ட் பூசி, மேலே எனாமல் பெயின்ட் அடித்தோம். பொங்கல் விடுமுறை முடிந்து கதவைத் திறந்தால் பெயின்ட் அப்பளம்போல எழும்பி நின்றது. ஈரக்கோடு முன்பைவிட ஏறத்தாழ ஓரடி உயர்ந்திருந்தது. அதைப் பார்த்த ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள்: “தண்ணி மேலேருந்து கீழதான வரும் சார்? இங்க மட்டும் ஏன் கீழேருந்து மேல போகுது?”

அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கியதுதான் இந்தப் பாடம்.

செங்கல்லிலும் சாந்திலும் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் நிறைந்துள்ளன. அவற்றின் வழியே நிலத்து ஈரம் மேலேறுவது நுண்புழை ஏற்றம். 1 மி.மீ. விட்டமுள்ள கண்ணாடிக் குழாயில் நீர் ஏறத்தாழ 3 செ.மீ. உயரும்; 0.1 மி.மீ. குழாயில் ஏறத்தாழ 30 செ.மீ. விட்டம் குறையக் குறைய உயரம் கூடும் என்பதால் எதிர்விகிதத்துக்கும் இது நல்ல எடுத்துக்காட்டு. ஏறிய நீர் சுவரின் பரப்பில் ஆவியாகிறது. அதில் கரைந்திருந்த உப்பு ஆவியாகாமல் துளைகளுக்குள்ளேயே படிகமாகிறது. படிகம் வளர வளரத் துளையின் சுவரை நெருக்கி உடைக்கிறது. ஆக, காரையை உதிர்ப்பது தண்ணீர் மட்டுமல்ல. அது விட்டுச்செல்லும் உப்பும்தான்.

இதை வகுப்பில் காட்ட இரண்டு செங்கற்கள் போதும். இரண்டையும் ஒரு தட்டில் செங்குத்தாக நிறுத்தி, 2 செ.மீ. உயரத்துக்கு உப்புநீர் ஊற்ற வேண்டும். ஒன்றின் நான்கு பக்கங்களையும் நெகிழித்தாளால் இறுகச் சுற்றி, உச்சியை மட்டும் திறந்து விடலாம். நீர் குறையும்போது ஊற்றிக்கொண்டே இருந்தால் சில நாள்களில் சுற்றாத கல்லின் பக்கங்களில் உப்புப் பூக்கும். சுற்றிய கல்லிலோ உச்சியில்தான் பூக்கும். பக்கவாட்டில் வெளியேற வழியில்லாத ஈரம் மேலே போய் வழி தேடியிருக்கிறது. எங்கள் எனாமல் பெயின்ட் செய்த வேலையும் இதுவே. மாணவர்கள் இதைச் சொன்னபோது எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

ஈரம் சுவரிலிருந்துதான் வருகிறதா என்பதையும் உறுதி செய்துகொள்ள வேண்டும். ஓரடிச் சதுர நெகிழித்தாளை நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் சுவரில் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளுக்கும் சுவருக்கும் இடையில் துளிகள் இருந்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. நம் பக்கத்தில் மட்டும் துளிகள் இருந்தால் அறைக் காற்றின் ஈரம் படிகிறது. அதற்குச் சன்னலைத் திறந்து வைப்பதே மருந்து.

பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர் அழைத்து வந்த கொத்தனார் அறைக்குள் வரவே இல்லை. வெளியே ஒரு சுற்று சுற்றிவிட்டு, “பேஸ்மென்ட் முழுக்க மண்ணு ஏறி நிக்குது சார்” என்றார். நம் ஊர்க் கொத்தனார்கள் பேஸ்மென்ட் என்பது நிலத்தடி அறையை அல்ல. தரைக்கு மேல் தெரியும் கட்டடத்தின் அடிப்பகுதியை. அதன் தலைப்பில் ஈரம் ஏறாமல் தடுக்கும் ஓர் அடுக்கு இடுவது வழக்கம். வெளியே மண் அந்த அடுக்கையும் தாண்டி உயர்ந்துவிட்டால் ஈரம் அதைச் சுற்றிக்கொண்டு சுவருக்குள் நுழையும். அங்கே மண்ணை உயர்த்தியது யார்? நானும் சுற்றுச்சூழல் மன்ற மாணவர்களும்தான். நாங்கள் பெருமையோடு போட்ட பூப்பாத்தி அது. தினமும் தண்ணீர் வேறு ஊற்றினோம்.

பாத்தியைச் சுவரிலிருந்து மூன்றடி தள்ளி மாற்றி, மண்ணை வெட்டி, நீர் வெளியே ஓடும்படி சரிவு கொடுத்தோம். உழைப்பு தவிர வேறு செலவில்லை. இதைச் செய்யாமல் உள்ளே எதைப் பூசினாலும் பணம் வீண்.

உள்வேலையைக் கோடை விடுமுறையில் வைத்துக்கொண்டோம். மின்னிணைப்பை நிறுத்திவிட்டு, ஈரக்கோட்டுக்கு மேலும் ஓரடி வரை பழைய பூச்சைக் கொத்தியெடுத்து, உப்பை உலர்ந்த தூரிகையால் தட்டினோம். கழுவக் கூடாது, கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளே போகும். மூன்று வாரம் காயவிட்டு, சுண்ணாம்பும் உப்பில்லாத மணலும் 1:3 விகிதத்தில் கலந்து பூசினோம். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை அடைக்காமல் ஆவியாக விடும். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை ஏற்று மெல்லக் கால்சியம் கார்பனேட்டாக இறுகும் என்பதால் அவசரப்படக் கூடாது. மேலே சுண்ணாம்பு வெள்ளைதான். வெள்ளையடிக்கும் கலவையில் சிலர் உப்புச் சேர்ப்பார்கள், இங்கே வேண்டாம்.

அளவை மாணவர்களே முன்கூட்டிக் கணக்கிட்டார்கள். 6 மீ. நீளம், 1 மீ. உயரம், 15 மி.மீ. தடிப்பு என்றால் 90 லிட்டர் பூச்சு. கலக்கும்போது கன அளவு குறைவதால் மூன்றில் ஒரு பங்கு கூட்டி 120 லிட்டர். பத்து லிட்டர் வாளியில் சுண்ணாம்பு 3, மணல் 9. கொத்தனார் சொன்ன கணக்கும் ஏறக்குறைய அதுவே. இரண்டு நாள் கூலியும் சேர்த்து, முந்தைய பெயின்ட் செலவைவிடக் குறைவாகவே ஆயிற்று.

மாணவர்களைச் சுண்ணாம்பின் பக்கம் விடாதீர்கள். கண்ணில் பட்டால் பார்வையையே கெடுக்கும். சுவரில் விரிசல், சாய்வு, துருவேறிய கம்பி தெரிந்தால் அது நம் வேலையல்ல. அந்த அறையைப் பயன்படுத்துவதை நிறுத்திவிட்டுத் தலைமையாசிரியர் வழியாகப் பொறியாளருக்கு எழுத வேண்டும்.

கரும்பலகையை மீண்டும் சுவரில் தீட்டவில்லை. கருப்பு வண்ணமடித்த பலகைகளைச் சட்டம் கொடுத்து, சுவரிலிருந்து ஓரங்குலம் விலக்கி மாட்டினோம். பின்னால் காற்று ஓடுகிறது. சுவர் முழுவதும் உலர, ஓரங்குலத் தடிப்புக்கு ஒரு மாதம் என்பது பொதுவான கணக்கு. எங்களுடையது ஒன்பது அங்குலச் சுவர். இன்னமும் அங்கங்கே உப்புப் பூக்கிறது, தட்டிவிடுகிறோம். கேள்வி கேட்ட மாணவி திங்கள்தோறும் ஈரக்கோட்டின் உயரத்தை அளந்து வரைபடத்தாளில் குறித்து வருகிறாள்.