ரொறொன்ரோவின் ஈரக் குளிருக்கு எந்தச் சப்பாத்து?

ரொறொன்ரோ வின்ரரில் சைக்கிள் ஓட்டுகிறவருடைய கால் எந்த நாளில் அதிகம் விறைக்கும் என்று கேட்டால், பலரும் மைனஸ் 20 நாளைத்தான் சொல்வார்கள். அப்படியான காலைகள் ஒரு வின்ரரில் சிலவே. அன்று வீதி காய்ந்திருக்கும். ஸ்னோ பொடியாக இருக்கும். காலைத் தட்டினால் உதிர்ந்துவிடும். ஜனவரியில்கூட இங்கே பகல் வெப்பநிலை பெரும்பாலும் பூச்சியத்தை ஒட்டியே நிற்கிறது. அந்த நாள்களில் நகரசபை கொட்டிய உப்பில் ஸ்னோ கரைந்து, புளூர் வீதியின் சைக்கிள் பாதையில் சாம்பல் நிறக் கூழாகக் கிடக்கும். உப்புத் தண்ணீர் பூச்சியத்தில் உறையாது. மைனஸ் 5இலும் அது ஓடிக்கொண்டிருக்கும். முன்சில்லு அதை வாரி நேராகக் காலில் அடிக்கும். சொக்ஸுக்குள் இறங்குவது ஐஸ் தண்ணீரைவிடக் குளிரான தண்ணீர். தண்ணீரோ அசையாத காற்றைவிடக் கிட்டத்தட்ட 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும்.

அதனால் வின்ரர் சைக்கிள் சப்பாத்து வாங்கப் போகிறவர்களுக்கு நான் சொல்லும் ஒழுங்கு இதுதான்: முதலில் கால் உள்ளே தாராளமாக இருக்கிறதா என்று பாருங்கள், அடுத்ததாகத் தண்ணீர் எந்த வழியால் வரும் என்று பாருங்கள், எத்தனை பாகை குளிர் தாங்கும் என்பதைக் கடைசியாகப் பாருங்கள். கடையில் தொங்கும் அட்டை இதைத் தலைகீழாகத்தான் சொல்லும். "மைனஸ் 30" என்பது பெரிய எழுத்தில் இருக்கும். அந்தச் சப்பாத்து இறுக்கமாக இருந்தால் மைனஸ் 3க்கே விரல் மரத்துவிடும்.

நடக்கும்போது பாதம் ஒவ்வோர் அடிக்கும் வளைந்து நிமிர்கிறது, இரத்தமும் ஓடுகிறது. சைக்கிளில் உழைப்பது தொடையும் கெண்டைக்காலும்; பாதம் ஒரே நிலையில் பெடலை அழுத்திக்கொண்டிருக்கும். அதற்கு மேல் எதிர்காற்று. கனடாவில் 2001 முதல் பயன்படும் காற்றுக்குளிர்க் கணக்கின்படி, மைனஸ் 10 நாளில் மணிக்கு 30 கிலோமீற்றர் வேகக் காற்று முகத்துத் தோலில் மைனஸ் 20 போலப் படும். சப்பாத்துக்குள் இருக்கும் காலுக்கு அந்த எண் அப்படியே பொருந்தாது. ஆனால் மேற்புறம் வலைத்துணியும் அடியில் காற்றுத் துவாரமும் உள்ள கோடைகாலச் சைக்கிள் சப்பாத்து அணிந்தவருக்கு அது அவ்வளவு தூரத்து எண்ணும் அல்ல.

அளவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலானோர் சறுக்குவது இங்கேதான். சூட்டைத் தருவது காலைச் சுற்றி அடைபட்டு நிற்கும் காற்று. தடித்த சொக்ஸைப் பழைய அளவுச் சப்பாத்துக்குள் திணித்தால் அந்தக் காற்று பிதுங்கிப் போய்விடும். இரத்த ஓட்டமும் குறையும். இரண்டு சொக்ஸ் போட்டும் ஏன் விறைக்கிறது என்று கேட்பவர்களில் பலருக்கு மறுமொழி இதுதான். பாதத்தின் மேற்புறத்தில், பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நேரே மேலே, விரல் நுனியை மெல்ல வைத்துப் பாருங்கள். ஒரு நாடி துடிக்கும். விரல்களுக்குச் சூடான இரத்தத்தைக் கொண்டுபோகும் குழாய்களில் ஒன்று அது, தோலுக்கு மிகக் கிட்டவாக ஓடுகிறது. சப்பாத்து லேஸோ பட்டியோ இறுகுவது அதன் மேல்தான். குதிக்கால் எழும்பாத அளவுக்குக் கணுக்காலோடு இறுக்கினால் போதும். நடுப்பாதத்தைத் தளர்த்தியே விடுங்கள்.

சப்பாத்தைப் போட்டுப் பார்க்கப் பின்னேரம் போங்கள். நாள் முழுக்க நின்ற கால் அப்போது கொஞ்சம் வீங்கியிருக்கும். வின்ரரில் போடப்போகும் அதே சொக்ஸைக் கையோடு கொண்டுபோங்கள். முதலில் உள்ளே இருக்கும் அடித்தாளை வெளியே எடுத்து நிலத்தில் வைத்து அதன்மேல் ஏறி நில்லுங்கள். விரல்களுக்கு முன்னால் ஒரு பெருவிரல் அகலத்துக்குக் கிட்ட இடம் தெரிய வேண்டும். சுண்டுவிரல் ஓரத்தில் பிதுங்கக்கூடாது. பிறகு அணிந்து, கதிரையில் இருந்தபடி ஐந்து விரல்களையும் மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஆட முடியாவிட்டால் அடுத்த அளவைக் கேளுங்கள். ஐரோப்பிய அளவில் ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் இடையே ஏறத்தாழ 7 மில்லிமீற்றர் வித்தியாசம்; 42 போடுகிறவருக்கு வின்ரரில் 43 அநேகமாகச் சரியாக இருக்கும். அகலப் பாதக்காரர் நீளத்தைக் கூட்டி அகலத்தைத் தேட வேண்டாம், குதிக்கால் வழுக்கும். லேக் போன்ற சில கொம்பனிகள் அகல அளவும் விற்கின்றன.

பெரிய சப்பாத்து சைக்கிளுக்கும் பொருந்த வேண்டும். பெடல் தண்டில் அதன் உட்புறம் உரசுகிறதா, கைபிடியைத் திருப்பும்போது சப்பாத்தின் முனை முன்சில்லில் தட்டுகிறதா என்று வீட்டு வாசலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். ஐஸ் வீதியில் அதைக் கண்டுபிடிப்பது ஆபத்து.

இனித் தண்ணீர். சப்பாத்து விளம்பரங்களில் கோர்-ரெக்ஸ் என்ற பெயர் அடிக்கடி வரும். 1969இல் அமெரிக்காவில் பொப் கோர் என்பவர் சூடாக்கிய ரெஃப்லோனைச் சட்டென்று இழுத்து விரித்தபோது கிடைத்த படலம் அது. தண்ணீர்த் துளியை உள்ளே விடாது. வியர்வை ஆவியை ஓரளவு வெளியே விடும். நல்ல சாமான்தான். ஆனால் அது மறிப்பது சப்பாத்தின் சுவர் வழியாக வரும் தண்ணீரை மட்டும். மழையிலும் கூழிலும் தண்ணீர் அதிகம் இறங்குவது கணுக்கால் வாய் வழியாக. இறங்கிய பிறகு அதே படலம் அதை வெளியே போகவும் விடாது. ஆகவே கழுத்து உயர்ந்து, வாய் இறுக மூடும் பூட்ஸைத் தேடுங்கள். மழைக்காற்சட்டையின் கால் பூட்ஸின் வெளிப்புறமாக விழ வேண்டும், ஒருபோதும் உள்ளே சொருகக் கூடாது. மட்காட்டும் இதில் சேர்த்தி. முன் மட்காட்டின் நுனியில் நிலத்தை எட்டுமளவுக்கு ஒரு ரப்பர் மடல் கட்டினால் காலில் அடிக்கும் கூழில் பெரும்பகுதி அங்கேயே நின்றுவிடும். பல நூறு டொலர்ச் சப்பாத்து செய்யாத வேலையைச் சில டொலர் ரப்பர் செய்வதைப் பார்த்திருக்கிறேன்.

பெடலோடு பூட்டிக்கொள்ளும் கிளீட் உள்ள சப்பாத்துகளில் தண்ணீருக்கு இன்னொரு வழியும் உண்டு. கிளீட் திருகாணிகள் அடிப்பாகத்தைத் துளைத்துக்கொண்டு உள்ளே வருகின்றன. அந்தத் துளை வழியாகத் தண்ணீர் வரும். திருகாணி இரும்பு வழியாகக் குளிர் வரும். அடித்தாளைத் தூக்கி, துளைகளின் மேல் தண்ணீர் புகாத நாடாவை ஒட்டி, அதன்மேல் கம்பளி அல்லது ஃபெல்ற் அடித்தாள் ஒன்றைப் போடுங்கள். தடிப்புக் கூடும் என்பதால் இதையும் அளவு பார்க்கும்போதே கணக்கில் எடுக்க வேண்டும்.

இனி எதை வாங்குவது என்று பார்ப்போம். இருக்கும் கோடைச் சப்பாத்தின் மேல் நியோபிரீன் உறை போடுவது எல்லாவற்றிலும் மலிவான வழி. ஒக்ரோபர், நவம்பர் மாதங்களுக்கும் ஏப்ரிலுக்கும் போதும். இறங்கி நடந்தால் அடிப்பாகம் விரைவில் கிழியும். உள்ளே சப்பாத்து ஏற்கனவே இறுக்கமானது என்றால் உறை எதையும் மாற்றாது. வேலைக்குப் போய்வர முழு வின்ரரையும் இதை நம்பிக் கழிப்பதை நான் விரும்பமாட்டேன்.

கிளீட்டோடு வரும் வின்ரர் பூட்ஸ் அடுத்தது. ஷிமானோ, நோர்த்வேவ், லேக், 45நோர்த் ஆகியவை இங்கே பெயர்பெற்றவை. விலை பெரும்பாலும் 250 டொலருக்கு மேல். 45நோர்த் என்பது மினசோட்டாக் கொம்பனி, பெயர் 45ஆம் அகலாங்கைக் குறிப்பது. ரொறொன்ரோ அதற்குச் சற்றுத் தெற்கே இருக்கிறது. அவர்களுடைய மூன்று பூட்ஸ்களை ஒப்பிட்டாலே தெரிவு துலங்கும். ரக்னரோக் ஏறத்தாழ 7 பாகையிலிருந்து மைனஸ் 4 வரைக்கும், வூல்வ்ஹாமர் அங்கிருந்து மைனஸ் 18 வரைக்கும், கழற்றக்கூடிய கம்பளி உட்பூட்ஸ் கொண்ட வூல்ஃப்கார் அதற்கும் கீழுக்கும் என்று கொம்பனி சொல்கிறது. மூன்றாவதைப் பார்த்து ஆசைப்படுகிறவர்கள் பலர். இந்த நகரத்தின் வின்ரர் நாள்களில் பெரும்பங்கு முதலாவதன் எல்லைக்குள்ளேயே அடங்கும். அளவுக்கு மீறிச் சூடான பூட்ஸில் கால் வியர்க்கும், வியர்த்த கால் சிவப்பு விளக்கில் நிற்கும்போது குளிரும். வட்டத் திருகியால் இறுக்கும் போவா முறை கையுறையோடு இயக்க இலகு. உப்பு ஐஸ் அப்பினால் சிக்கும் என்பதால் அதை அடிக்கடி கழுவ வேண்டும். வெல்க்ரோவிலும் ஐஸ் ஏறினால் பிடி குறையும்.

ஒரு மணித்தியாலத்துக்கு மேல் தொடர்ந்து ஓட்டுகிறவர்களுக்கும், வின்ரரிலும் பயிற்சியை விடாதவர்களுக்கும் இவை கொடுத்த விலைக்குத் தகும். மற்றவர்களுக்கு நான் பரிந்துரைப்பது சாதாரணத் தட்டைப் பெடலும், தண்ணீர் புகாத, ஓர் அளவு பெரிய நடைப்பயண பூட்ஸும்தான். அடியில் இரும்பு இல்லை. ஸ்னோ அடைத்துக் கிளீட் பூட்டாமல் போகும் தொல்லை இல்லை. வழுக்கும் சந்தியில் காலை உடனே ஊன்றலாம், எனக்கு இது சூட்டைவிடப் பெரிய காரணம். வேலையிடத்தில் அதே பூட்ஸோடு நடக்கலாம். பெடலில் கூர்முளைகள் இருந்தால் ஈர பூட்ஸும் வழுக்காது. பூட்ஸின் அடி ஓரளவு விறைப்பாக இருக்கிறதா என்று மட்டும் கையால் வளைத்துப் பாருங்கள். மிக மெதுவானது என்றால் பெடலின் அழுத்தம் பாதத்தில் ஏறும். ஸ்னோவில் நடக்கவென்று செய்த கனத்த வின்ரர் பூட்ஸும் குறுகிய தூரத்துக்குச் சரி. ஆனால் கணுக்கால் வளையாத உயரம் பெடல் மிதிப்பதைக் கடினமாக்கும்.

மின் சைக்கிளில் சாப்பாடு டெலிவரி செய்கிற எங்கள் பிள்ளைகளுக்குக் கணக்கு வேறு, அவர்களைத்தான் இதை எழுதும்போது அதிகம் நினைத்தேன். மோட்டார் இழுப்பதால் உடம்பில் சூடு பிறப்பதில்லை. காற்று மட்டும் முழு வேகத்தில் அடிக்கும். இடையிடையே உணவகத்தின் வாசலில் நிற்க வேண்டும். இப்படியே பல மணித்தியாலங்கள். பெரும்பாலானோர் ஓடுகிற சப்பாத்தோடு கிளம்புகிறார்கள். இவர்களுக்கு முன்னே சொன்ன சூட்டு எல்லைகள் போதாது. உட்பூட்ஸைக் கழற்றிக் காயவைக்கக்கூடிய கனத்த வின்ரர் பூட்ஸ் வேண்டும், மாற்றிப்போட இன்னொரு சோடி கம்பளிச் சொக்ஸ் பையில் இருக்க வேண்டும். பெடல் மிதிக்கிற வேலை குறைவு என்பதால் பூட்ஸின் பாரம் பெரிய இடைஞ்சல் இல்லை. விரல் நோவதை நிறுத்தி மரத்து, வெளிறி, மெழுகு போலத் தெரிந்தால் அடுத்த ஓடரை விட்டுவிட்டு உள்ளே போங்கள். தேய்க்க வேண்டாம். ஹீற்றரில் காலை வைக்கவும் வேண்டாம், மரத்த தோல் சுடுவதை உணராது. இளஞ்சூட்டுத் தண்ணீரே சரி. உணர்வு திரும்பாவிட்டால் உடனே ஆஸ்பத்திரி.

சீனி வருத்தம் உள்ளவர்களுக்கும் இதே எச்சரிக்கை இன்னும் அழுத்தமாக. தெற்காசியரான எங்களில் அது அதிகம். நரம்பு பாதித்த கால் குளிரையும் உரசலையும் சொல்லாது; அதனால் இவர்கள் உணர்வை நம்பாமல் நேரத்தை நம்ப வேண்டும், வீடு வந்ததும் விரலிடுக்குகளைக் கண்ணால் பார்க்க வேண்டும். இரசாயனச் சூட்டுப் பொட்டலங்களையும் இவர்கள் தவிர்ப்பது நல்லது. மற்றவர்கள் வாங்குவதானால் கால்விரலுக்கென்று விற்பதையே வாங்குங்கள். கைக்கு விற்பதற்கு நிறையக் காற்று வேண்டும், மூடிய பூட்ஸுக்குள் அது சரியாக வேலை செய்யாது.

சொக்ஸில் பருத்தி வேண்டாம். நனைந்தால் அது ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். மெரினோ கம்பளி நனைந்தாலும் ஓரளவு சூடு தரும்.

வீடு திரும்பியதும் உப்பை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். விட்டால் தோல் வெடிக்கும், திருகாணி துருவேறும். அடித்தாளை வெளியே எடுத்து, பூட்ஸுக்குள் பழைய பேப்பரைத் திணித்து, ஒரு மணித்தியாலத்தில் பேப்பரை மாற்றுங்கள். ஹீற்றரின் மேல் வைத்தால் பசை விடும். கிளீட் திருகாணிகளுக்கு வின்ரர் தொடங்க முன்பே கிரீஸ் பூசியிருந்தால், ஏப்ரிலில் அவற்றைக் கழற்ற முடியும்.